விழியும் விழிப்பும்: கவனக்குறைவுடைய குழந்தைகளின் நோக்கு பற்றி



கண்ணின் தொழிலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. காணுதல், பார்த்தல், நோக்குதல் என்னும் மூன்றும் பொதுவழக்கில் ஒன்றுபோல் தோன்றினும் பொருளால் சிறிது வேறுபட்டவை. கண்ணெதிரே இருப்பது தானே புலப்படுதல் காட்சி. கண்ணைச் செலுத்திப் பெறுவது பார்வை. கண்ணோடு கருத்தும் ஒன்றி நிற்பது நோக்கு. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளுள் ஒன்றாகவே நோக்கினை வைத்துள்ளது. படிப்போரை மேலே விரையவிடாமல் நிறுத்தி, சொல்லின்மேல் மீண்டும் கருத்தைச் செலுத்தவைக்கும் ஆற்றலை அவ்வுறுப்பு குறிக்கிறது. இவற்றோடு வேறொரு சொல்லும் உண்டு. விழி என்றால் கண். விழித்தல் என்றால் துயில் நீங்குதல். விழிப்பு என்றால் எச்சரிக்கையோடு இருத்தல். கண்ணுக்கும் உள்ளத்தின் தெளிவுக்கும் இடையே உள்ள உறவை இம்மொழி ஒரே வேரில் கட்டிவைத்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் உளவியல் நெடிய ஆய்வுகளின் வாயிலாகக் கண்ட உண்மையும் இதனை ஒட்டியதே. ஒரு பொருளின்மேல் கண் நிலைத்து நிற்க வேண்டுமானால், மூளை அதற்குரிய அளவில் விழித்திருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் 'அரௌசல்' எனப்படும் இவ்விழிப்புநிலை குறைந்தாலும் நோக்கு கெடும், மிகுந்தாலும் கெடும். கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்றும், சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்றும் வழங்கும் நிலையிலுள்ள குழந்தைகளைப் புரிந்துகொள்ள இவ்வுறவு ஒரு திறவுகோலாகும். 2007ஆம் ஆண்டில் வெளிவந்த உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று, பள்ளிப் பருவத்தினருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர் இந்நிலையில் உள்ளனர் எனக் கணக்கிட்டது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர் என்பது இதன் பொருள். அவ்விருவரையும் வகுப்பறை என்ன பெயரிட்டு அழைக்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. சோம்பேறி, குறும்பன், திமிர் பிடித்தவன், கனவு காண்பவள் என்னும் பெயர்கள் அனைத்தும், அக்குழந்தை நோக்க விரும்பவில்லை என்றே சொல்கின்றன. ஆய்வுகளோ வேறொன்றைச் சொல்கின்றன.

இரு சித்திரக் குழந்தைகள்

இக்குழந்தைகளைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் புதியன அல்ல. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இல் வெளியிட்ட மனநோய் பற்றிய நூலில் கவனத்துக்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். எப்பொருளிலும் நிலைத்து நிற்க இயலாத கவனம் சிலருக்குப் பிறவியிலேயே அமைந்திருக்கலாம் என்றும், வயது ஏற ஏற அது பெரும்பாலும் தணியும் என்றும் அவர் கருதினார். வறண்ட இலக்கணப் பாடத்தின்மேல் சில சிறுவரின் கவனத்தைப் பிரம்பின் அச்சத்தாலும் நிறுத்த முடிவதில்லை, அன்பான வேண்டுகோளாலும் நிறுத்த முடிவதில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டியுள்ளார். அடித்தும் பயன் இல்லை எனில் குறை விருப்பத்தில் இல்லை என்னும் எண்ணத்துக்கு அன்றே வழி திறந்தது.

அவ்வழியில் உலகம் உடனே செல்லவில்லை. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிக் ஹாஃப்மன் தம் மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக 1844இல் ஒரு படக்கதை நூலைத் தாமே எழுதி வரைந்தார். 1845இல் அச்சேறி, பின்வந்த பதிப்புகளில் விரிவுபெற்ற அந்நூலில் இரு சிறுவர் இடம்பெறுகின்றனர். ஒருவன் பிலிப். உணவு மேசையில் அமர்ந்து நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டி, இறுதியில் மேசைவிரிப்போடும் உணவோடும் கீழே சாய்பவன். மற்றவன் ஹான்ஸ். பள்ளிக்குச் செல்லும் வழியில் வானையும் பறவைகளையும் பார்த்தபடியே நடந்து ஆற்றில் விழுபவன். அவன் காப்பாற்றப்படுகிறான்; அவன் ஏடு நீரோடு போய்விடுகிறது. 1994இல் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் நோய்க்குறி நூலின் நான்காம் பதிப்பு இக்கோளாற்றை வகைப்படுத்தியபோது, மிகையியக்கம் மேலோங்கிய வகை, கவனக்குறைவு மேலோங்கிய வகை, இரண்டும் கலந்த வகை என மூன்றாகப் பிரித்தது. முதல் வகைக்குப் பிலிப்பும் இரண்டாம் வகைக்கு ஹான்ஸும் சித்திரங்களாக நிற்கின்றனர். ஆயினும் ஹாஃப்மன் நூலின் போக்கு அறிவுரையே ஆகும். சொல் கேளாத பிள்ளை விழுவான் என்பதே அதன் முடிபு.

1902இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய விரிவுரைகள் இக்குழந்தைகளை மருத்துவத்தின் கண்கொண்டு நோக்கியவை. அவர்களுள் பலருக்கு அறிவுத்திறனில் குறையில்லை என்பதை அவர் தெளிவாகக் கண்டார். எனினும் அதற்கு அவர் தேர்ந்த பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்பதாகும். உடலின் குறை என ஐயுற்ற இடத்திலும் ஒழுக்கம் என்னும் சொல் விடாமல் தொடர்ந்து வந்தது.

தூண்டும் மருந்தால் தணிந்த குழந்தைகள்

திருப்பம் எதிர்பாராத ஓரிடத்தில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், நடத்தைச் சிக்கலுடைய குழந்தைகளுக்கென நடந்துவந்த இல்லம் ஒன்றில் சார்லஸ் பிராட்லி மருத்துவராக இருந்தார். 5 முதல் 14 வயது வரையுள்ள 30 குழந்தைகளுக்குப் பென்சிட்ரின் என்னும் தூண்டல் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, அதன் விளைவை 1937இல் அவர் வெளியிட்டார். அவர்களுள் 14 பேரின் பள்ளிப்பாட வேலை வியக்கத்தக்க அளவில் மேம்பட்டது. குழந்தைகள் பலர் அமைதியடையவும் செய்தனர். உடலையும் உள்ளத்தையும் முடுக்கிவிடும் மருந்து, முன்னரே அடங்காதிருந்த குழந்தையை அடக்கியது எவ்வாறு என்னும் வினா அன்று எழுந்தது. 1944இல் முதன்முதலாக உருவாக்கப்பட்டு 1950களில் ரிட்டாலின் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்த மெத்தில்ஃபெனிடேட் மருந்தும் இதே வினாவை எழுப்பியது.

இவ்வினாவுக்கு விடைதேட வேறிரண்டு கண்டுபிடிப்புகள் துணைநின்றன. முதலாவது, 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் எலிகளைக்கொண்டு செய்த சோதனை. எளிய வேறுபாட்டைக் கற்க வலிய தூண்டல் உதவியது. நுண்ணிய வேறுபாட்டைக் கற்க நடுத்தரத் தூண்டலே சிறந்ததாயிற்று. அளவு கடந்தபோது கற்றல் தடைப்பட்டது. தூண்டலுக்கு ஒரு நடுவளவு உண்டு என்னும் கருத்து இதிலிருந்து வளர்ந்தது. யாழின் நரம்பை இதற்கு உவமையாகக் கூறலாம். தளர்ந்த நரம்பும் இசை தராது; மிக இறுக்கிய நரம்பும் தராது.

இரண்டாவது, 1949இல் மொருஸ்ஸி, மேகூன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. மயக்கத்திலிருந்த பூனையின் மூளைத்தண்டில் வலைபோற் பின்னிய நரம்புத்தொகுதி ஒன்றைச் சிறு மின்னோட்டத்தால் தூண்டியபோது, மேல்மூளையின் மந்தமான பேரலைகள் மறைந்து விழிப்புக்குரிய விரைந்த சிற்றலைகள் தோன்றின. விழிப்பு என்பது மனத்தின் உறுதியால் மட்டும் வருவதன்று, அதற்கென மூளையின் அடியில் ஓர் அமைப்பு உண்டு என்பது இதனால் விளங்கியது.

இவ்விரண்டையும் இணைத்து எண்ணியபோது பிராட்லி கண்ட புதிருக்கு ஒரு விடை கிடைத்தது. சேட்டர்ஃபீல்ட், டாசன் ஆகிய ஆய்வாளர்கள் 1971இல், மிகையியக்கமுள்ள குழந்தைகளின் தோல் மின்கடத்துதிறனை அளந்தனர். விழிப்பு மிகுந்தால் நுண்ணிய வியர்வை சுரந்து இத்திறன் உயரும், தளர்ந்தால் தாழும். அக்குழந்தைகளிடம் அது தாழ்ந்தே இருந்தது. கண்ணுக்குப் பரபரப்பாகத் தோன்றும் குழந்தையின் உள்ளே விழிப்பு குறைந்திருக்கலாம் என்பது அதன் பொருள். தூண்டும் மருந்து அக்குழந்தையை அடக்கவில்லை, விழிக்கச் செய்தது. விழித்தபின் அசையவேண்டிய தேவை குறைந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். 1978இல் ஜூடித் ரப்போபோர்ட்டும் உடனாய்வாளரும், இக்கோளாறு இல்லாத 14 சிறுவர்களுக்கு ஒருமுறை இத்தகைய மருந்தைக் கொடுத்துச் சோதித்தனர். அச்சிறுவர்களுக்கும் அசைவு குறைந்து கவனம் கூடியது. ஆகவே, மருந்து பயன் தந்தது என்பதையே கோளாறு உண்டு என்பதற்குச் சான்றாகக் கொள்ளுதல் தவறு. மருந்து காட்டும் உண்மை, கவனமும் விழிப்பும் பிணைந்தவை என்பது மட்டுமே.

நோக்கின் மூன்று கூறுகள்

பார்வைக் கவனம் ஒற்றைப் பொருள் அன்று. கண்ணின் அமைப்பே இதனை உணர்த்தும். கையை முன்னே நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால், அதன் நகம் மறைக்கும் அளவுள்ள சிறு பரப்பைத்தான் கண் நுண்ணிய தெளிவோடு காண்கிறது. எஞ்சிய பரப்பெல்லாம் மங்கலே. அதனால் கண் ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவித் தாவி நிற்கிறது. ஏட்டின் ஒரு வரியைப் படிப்பதும் இத்தாவலும் நிறுத்தமும் மாறிமாறி நிகழ்வதே. எங்கே தாவுவது, எவ்வளவு நேரம் நிற்பது, இடையில் மின்னும் பிறவற்றை எவ்வாறு விலக்குவது என்னும் முடிவுகளை மூளை இடையறாது எடுத்துக்கொண்டேயிருக்கிறது.

போஸ்னர், பீட்டர்சன் என்னும் அறிஞர் இருவர் 1990இல் கவனத்தை மூன்று நரம்பமைப்புகளின் கூட்டுத்தொழிலாக விளக்கினர். விழிப்போடு காத்திருத்தல் ஒன்று; வேண்டிய திசைக்குத் திரும்புதல் மற்றொன்று; முரண்பட்டவற்றுள் தக்கதைத் தேர்ந்து பிறவற்றை அடக்குதல் மூன்றாவது. ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தையிடம் இம்மூன்றனுள் எது குறைந்தது என்னும் கேள்வி இதன்பின் கூர்மை பெற்றது.

திரும்பும் ஆற்றலில் குறை இருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் ஹுவாங்-போலக், நிக் ஆகியோர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு குறிப்பைக் கண்டு கவனத்தை அவ்விடம் திருப்பும் திறனில் இக்குழந்தைகளிடம் உறுதியான குறை எதனையும் காணவில்லை. சன்னலுக்கு வெளியே பறக்கும் காகத்தை வகுப்பிலேயே முதலில் காண்பவன் அவனாக இருக்கலாம். கண் திரும்புவதில் தாமதம் இல்லை. இடர்ப்பாடு, திரும்பிய கண்ணை நிறுத்துவதில் உள்ளது. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த முனோசும் அவர்தம் குழுவினரும் 2003இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வு இதனை நேரே காட்டியது. ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்துமாறு சொல்லப்பட்டபோது, இக்கோளாறுடையோரின் கண்கள் வேண்டாத தாவல்களை மிகுதியாகச் செய்தன. புதிதாகத் தோன்றும் ஒளியைப் பாராதிருக்குமாறு கூறியபோதும் கண் அதன்பால் ஓடியது.

நிறுத்துதலின் அருமையை வேறொரு துறையும் முன்னரே அறிந்திருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது ரேடார் திரையைப் பார்த்திருந்த பணியாளர் சிறிது நேரத்தில் குறிகளைத் தவறவிட்டனர். இதனை ஆராய நார்மன் மேக்வொர்த் ஒரு கடிகாரச் சோதனையை அமைத்து 1948இல் முடிவுகளை வெளியிட்டார். முள் ஒன்று நொடிக்கு ஒருமுறை தாவும். எப்போதேனும் அரிதாக இரு தாவல் தூரம் ஒருசேரத் தாவும். அதனைக் கண்டு சொல்லவேண்டும். பயிற்சி பெற்ற வளர்ந்தோரும் முதல் அரைமணி நேரத்திற்குப் பின் பலவற்றைத் தவறவிட்டனர். மாற்றமற்ற காட்சியைத் தொடர்ந்து நோக்குதல் எவர்க்கும் கடினம் என்பது அச்சோதனையின் படிப்பினை. ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைக்கு அவ்வரைமணி மிகச் சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுகிறது எனலாம்.

இதனையொட்டி 1956இல் ராஸ்வால்டும் பிறரும் அமைத்த தொடர்கவனச் சோதனையில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். குறித்த எழுத்து வரும்போது மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் வர்ஜீனியா டக்ளஸ் இத்தகைய சோதனைகளை மிகையியக்கமுள்ள குழந்தைகளிடம் நடத்தி, அசைவைவிடத் தொடர்கவனமும் தற்கட்டுப்பாடுமே அடிப்படைச் சிக்கல்கள் என 1972இல் எழுதினார். 1980ஆம் ஆண்டு நோய்க்குறி நூலில் கவனக்குறை என்னும் சொல் தலைப்பில் ஏறியதற்கு அவர்தம் ஆய்வுகள் பெரிதும் காரணமாயின.

இச்சோதனைகளில் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. இக்குழந்தைகள் எப்போதும் மெதுவாக விடையளிப்பவர் அல்லர். ஒரு முறை விரைவாகவும் மறுமுறை மிகத் தாமதமாகவும் விடையளிக்கின்றனர். கோஃப்லரும் பிறரும் 319 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட கட்டுரை இவ்வேறுபாட்டை உறுதிசெய்தது. நேற்று அழகாக எழுதியவன் இன்று ஏன் எழுதவில்லை, முடியும் என்பதை அவனே காட்டிவிட்டானே என்று ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு இங்கு விடை உள்ளது. முடிதலும் முடியாமையும் அவனிடம் மாறிமாறி வருகின்றன. அந்த மாற்றமே இக்கோளாற்றின் அடையாளம்; அதனை அவன் நேர்மையின்மைக்குச் சான்றாகக் காட்டுதல் முறையாகாது.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றும் உண்டு. பாடத்தில் ஐந்து நிமிடம் நில்லாத பிள்ளை, தொலைக்காட்சி முன்னும் காணொளி விளையாட்டிலும் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பது எவ்வாறு? நெதர்லாந்து ஆய்வாளர் வான் டெர் மீர் முதலியோர், திரையில் குறிகள் நீண்ட இடைவெளிவிட்டுத் தோன்றும்போது இக்குழந்தைகளின் செயல் மிகவும் சீர்கெடுவதைக் கண்டனர். இடைவெளி நீளும்போது விழிப்பு தானே தாழ்கிறது. அதனை உள்ளிருந்து உயர்த்திக்கொள்ள அவர்களால் எளிதில் இயலவில்லை. விளையாட்டுத் திரையோ நொடிதோறும் புதிய காட்சியையும் உடனுக்குடன் பரிசையும் தந்து, வெளியிலிருந்தே விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. தாங்கும் கை நீங்கியதும் விழிப்பு சரிகிறது. இங்கே காணப்படுவது விருப்பத்தின் வேறுபாடு மட்டுமன்று, தாங்குதலின் வேறுபாடும் ஆகும்.

பாவை சொல்லும் செய்தி

கருமணியின் நடுவில் தோன்றும் சிற்றுருவைத் தமிழ் பாவை என்கிறது. அப்பாவையே உள்ளத்தின் உழைப்பை அளக்கும் கருவியாக உளவியலுக்கு உதவியது. மனக்கணக்குப் போடும்போது பாவை விரிவதை ஹெஸ், போல்ட் ஆகியோர் 1964இல் காட்டினர். நினைவில் கொள்ளவேண்டிய எண்கள் கூடக்கூடப் பாவை படிப்படியாக விரிவதைக் காஹ்னமனும் பீட்டியும் 1966இல் அளந்தனர். மூளைத்தண்டில் நீலப்புள்ளி எனப் பொருள்படும் லோகஸ் செருலியஸ் என்னும் சிறு நரம்புத் திரள் உண்டு. மூளை முழுவதற்கும் நார்அட்ரினலினை வழங்கி விழிப்பைக் காக்கும் அதன் இயக்கத்தோடு பாவையின் விரிவும் சுருக்கமும் இணைந்து செல்கின்றன. சிலி நாட்டு ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இடங்களை நினைவில் வைக்கும் பணியின்போது மருந்து உட்கொள்ளாத ஏ.டி.எச்.டி. குழந்தைகளின் பாவை குறைவாகவே விரிந்தது. மெத்தில்ஃபெனிடேட் உட்கொண்டபோது அது பிற குழந்தைகளின் அளவை நெருங்கியது. எதிரில் நிற்பவருக்குப் பொறுப்பின்மையாகத் தெரிவது, கண்ணின் உட்புறத்தில் அளக்கத்தக்க ஒரு வேறுபாடாக இருந்தது.

அசைவின் பொருள்

விழிப்பு தாழும்போது உடல் வாளா இருப்பதில்லை. உறக்கம் வரும் பெரியவர் எழுந்து நடப்பதும், முகத்தில் நீர் தெளிப்பதும் விழிப்பை மீட்கும் முயற்சிகளே. இக்குழந்தைகளின் அசைவும் அத்தகையதே என்னும் கருத்தை சிட்னி ஜென்டல் என்னும் பெண் அறிஞர் 1975இல் முன்வைத்தார். தூண்டல் குறைந்த சூழலில் தனக்கு வேண்டிய தூண்டலைக் குழந்தை தன் கைகால்களால் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பது அவர்தம் கொள்கை. பின்வந்த ஆய்வுகள் இதற்கு வலிமை சேர்த்தன. அமெரிக்காவின் மத்திய ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ராப்போர்ட்டும் மாணவரும் நடத்திய ஆய்வுகளில், நினைவுக்கு வேலை கூடும்போதெல்லாம் குழந்தையின் அசைவும் கூடியது. அவர்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரை, ஏ.டி.எச்.டி. உள்ள சிறுவர் மிகுதியாக அசைந்த வேளைகளில் நினைவுப் பணியைச் சிறப்பாகச் செய்தனர் என்றும், ஏனைய சிறுவர்க்கு அசைவு அவ்வாறு உதவவில்லை என்றும் காட்டியது.

இதன் பயன் பெரிது. கையைக் கட்டு, வாயைப் பொத்து, ஆடாமல் அசையாமல் உட்கார் என்பது தமிழ் வகுப்பறையில் நெடுங்காலம் கேட்டுவந்த கட்டளை. ஆசிரியர் வேண்டுவது கவனம். கட்டளை கேட்பது அசைவின்மை. இக்குழந்தையிடம் அவையிரண்டும் ஒன்றுக்கொன்று பகையாக நிற்கின்றன. அசையாதிருக்கத் தன் முயற்சி முழுவதையும் செலவிட்ட குழந்தையிடம் பாடத்துக்கென எஞ்சுவது மிகச் சிறிது.

ஒற்றைக் காரணம் இல்லை

ஆயினும் விழிப்புக் குறைவு ஒன்றே இக்கோளாற்றின் முழுவிளக்கம் எனக் கொள்ளுதல் மிகையாகும். மூளைமின் அலைகளில் மெதுவான தீட்டா அலை மிகுந்து விரைவான பீட்டா அலை குறைந்திருத்தலை இதன் அடையாளமாகக் கொண்ட காலம் ஒன்றுண்டு. அவ்விகிதத்தை அளக்கும் கருவி ஒன்றுக்கு அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் 2013இல் இசைவும் அளித்தது. அதே ஆண்டில் வந்த தொகுப்பாய்வோ, அவ்வளவீட்டை நம்பி நோயறிதல் இயலாது எனக் கண்டது. குழந்தைக்குக் குழந்தை விழிப்பின் போக்கு வேறுபடுகிறது. சிலரிடம் அது குறைவு, சிலரிடம் நிலையின்மை, சிலரிடம் காத்திருக்க இயலாமையே முதன்மை.

ஆகவே நோயறிதல் ஒரு கருவியின் வேலையோ ஒரு நாள் பார்வையின் வேலையோ அன்று. 2013இன் ஐந்தாம் பதிப்பு நோய்க்குறி நூல், அறிகுறிகள் 12 வயதுக்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும், குறைந்தது 6 மாதம் நீடித்தல் வேண்டும், வீடு, பள்ளி போன்ற இரண்டிடங்களிலேனும் காணப்படுதல் வேண்டும் என வரையறுக்கிறது. கரும்பலகை தெரியாத கண், சரியாகக் கேளாத செவி, இரவில் மூச்சுத் தடைபட்டுக் கெட்ட உறக்கம் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். உறக்கம் போதாத பெரியவர் சோர்வார். உறக்கம் போதாத குழந்தை பலவேளைகளில் துள்ளும். எனவே பெயர் சூட்டும் முன் இவற்றைச் சோதித்தல் இன்றியமையாதது.

பெண் குழந்தைகளைத் தனியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிலிப்பைப் போன்று மேசைவிரிப்பை இழுப்பவனை வகுப்பு முழுவதும் காணும். ஹான்ஸைப் போன்று வானில் கண்ணை விட்டவளை எவரும் காண்பதில்லை. அவள் எவருக்கும் இடையூறு செய்யவில்லை. கடைசி இருக்கையில் அமைதியாக அமர்ந்திருக்கிறாள். அமைதியைப் பெண்ணின் நற்பண்பாகப் போற்றிவந்த சமுதாயத்தில் அவ்வமைதி உதவி வேண்டும் குரலாகக் கேட்கப்படுவதில்லை. மதிப்பெண் குறையும்போது அவளுக்குப் படிப்பு வராது என்னும் தீர்ப்பு மட்டும் கிடைக்கிறது.

வகுப்பறையின் கடமை

மருத்துவத்தின் பங்கு என்ன? 1999இல் அமெரிக்காவில் வெளியான பெரும் ஆய்வு ஒன்றில் 7 முதல் 9 வயது வரையுள்ள 579 குழந்தைகள் 14 மாதம் கண்காணிக்கப்பட்டனர். கவனமாக அளவிட்டுத் தரப்பட்ட மருந்து முதன்மை அறிகுறிகளை நன்கு குறைத்தது. நடத்தைப் பயிற்சியும் சேர்ந்தபோது வேறுசில நன்மைகளும் கிட்டின. மூன்றாம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்தபோது குழுக்களுக்கிடையிலான வேறுபாடு மறைந்திருந்தது. மருந்து தேவையா என்பது தேர்ந்த மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியது. அதனை வெறுத்து ஒதுக்குதலும் வேண்டா. அதனையே முழுத் தீர்வெனக் கருதுதலும் வேண்டா.

ஆசிரியர் செய்யத்தக்கன மருந்துக்குக் காத்திருப்பன அல்ல. நெடும்பணியைச் சிறுகூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்று முடிந்ததும் உடனே ஒரு சொல் பாராட்டலாம். இருபது கணக்கு நிறைந்த தாளை ஐந்தைந்தாக மடித்துக் கொடுக்கலாம். படிக்கும் வரியின்கீழ் ஓர் அட்டையை வைத்துக் கண்ணின் பரப்பைக் குறைக்கலாம். கரும்பலகை துடைத்தல், ஏடுகளை வழங்குதல் போன்று எழுந்து நடக்கும் பணிகளை அக்குழந்தைக்கே தரலாம். நின்றுகொண்டு எழுதவும் விடலாம். முதல் வரிசையில், சன்னலுக்கு அப்பால், ஆசிரியரின் கண் எட்டும் இடத்தில் அமர்த்தலாம். இவற்றுள் பொருட்செலவு உடையது எதுவுமில்லை. இவை யாவும் வெளியிலிருந்து விழிப்பைத் தாங்கும் கைகளே.

அடித்தலும் ஒருவகைத் தூண்டலே என்று வாதிடுவார் உளர். அச்சம் விழிப்பை உயர்த்தும் என்பது மெய்யே. ஆனால் அச்சம் கண்ணை ஏட்டின்மேல் நிறுத்துவதில்லை; அடிப்பவரின் கையின்மேல் நிறுத்துகிறது. நுண்ணிய பணிக்கு மிகுதூண்டல் கேடு என்பதை 1908ஆம் ஆண்டின் எலிகளே காட்டிவிட்டன. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத்துன்பம் தருதலையும் தடைசெய்துள்ளது. அத்தடை எல்லாக் குழந்தைகளையும் காக்க வந்தது. மிகுதியாக அடிபட்டோர் வரிசையில் இக்குழந்தைகள் நின்றிருப்பர் என்பதை எண்ணும்போது, அவர்களுக்கு அது இன்னும் இன்றியமையாததாகிறது.

இறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்று. இலக்கியம் பயில்வோர் சொல்லின் வலிமையை அறிந்தோர். சோம்பேறி என்னும் சொல்லைப் பத்தாண்டுக் காலம் கேட்டு வளர்ந்த குழந்தை, அச்சொல்லைத் தன் பெயராகவே ஏற்றுக்கொள்கிறது. பிறகு முயற்சியையும் கைவிடுகிறது. கோளாற்றால் விளைந்த இழப்பைவிட அச்சொல்லால் விளையும் இழப்பு பெரிதாகிவிடுகிறது. ஏன் பார்க்கவில்லை என்று கேட்பதை விடுத்து, பார்க்க எது உதவும் என்று கேட்கும் ஆசிரியரும் பெற்றோரும் பெருகினால், கடைசி இருக்கையில் உள்ள அவ்விருவரும் கல்வியை இழக்கமாட்டார். அதற்கு முதலில் விழிக்கவேண்டியவர்கள் பெரியவர்களே.